வெளிநாட்டுப் பேரிடர்ப் பணி: ஒரு குடிநீர்ப் பொறியாளனை யார் கூட்டிப்போவார்கள்?

தாமிரபரணிக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் சிவில் படித்தவன். தென் மாவட்டங்களில் கூட்டுக் குடிநீர்த் திட்ட வேலைகளை எடுத்துச் செய்யும் ஒரு ஒப்பந்ததாரரிடம் சைட் இன்ஜினியராக இருக்கிறேன். ஆற்றுக்குள் உறை கிணறு இறக்குவதில் தொடங்கி, பம்ப் ஹவுஸ், மேல்நிலைத் தொட்டி, குளோரின் கலப்பது வரை எல்லாமே கைப்பழக்கம்.

2023 துருக்கி நிலநடுக்கச் செய்திகளைப் பார்த்தபோது இந்த மாதிரி இடங்களுக்குப் போய் வேலை செய்ய வேண்டும் என்று ஆசை வந்தது. நாலைந்து பெரிய நிறுவனங்களுக்கு மெயில் போட்டேன். ஒரு இடத்திலிருந்துதான் பதில் வந்தது: நிகழ்வு நடந்த பிறகு புதியவர்களை எடுப்பதில்லை, முன்கூட்டியே எங்கள் பட்டியலில் இருக்க வேண்டும் என்று.

இங்கே அந்தத் துறையில் இருப்பவர்கள் சிலர் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பட்டியலில் எப்படி இடம் பிடிப்பது? பணம் கட்டிப் பயிற்சி எடுக்க வேண்டுமா? நம் ஊர் அனுபவத்தை அங்கே மதிப்பார்களா?

கேள்விநாயகம் எழுதியது:

ஆசையைக் கெடுப்பதாக நினைக்காதீர்கள் நண்பரே. இடிபாட்டில் சிக்கியவரை முதலில் இழுத்துப் போடுவது பக்கத்து வீட்டுக்காரர்தான். விமானம் ஏறி வருபவருக்கு மொழி தெரியாது, தெரு தெரியாது. அவருக்குத் தங்க இடம், வண்டி, மொழிபெயர்ப்பாளர் எல்லாம் அந்த ஊர்தான் தர வேண்டும். அந்தப் பணத்துக்கு உள்ளூரில் பத்துப் பொறியாளர்களை வேலைக்கு வைக்கலாமே?

கொட்டியாரக்குடா எழுதியது:

கேள்விநாயகம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் தம்பியின் கேள்வி.

நான் திருகோணமலை. சுனாமி முடிந்த கையோடு இந்த வேலைக்குள் வந்தவன், நீர், சுகாதாரப் பகுதிப் பொறியியலாளர். பிறகு வெளிநாடுகளிலும் வேலை செய்தேன், கடைசியாக வங்கதேசத்தில் ரோஹிங்கியா முகாம்களில்.

உங்கள் அனுபவத்தை நிச்சயம் மதிப்பார்கள். ஆனால் நீங்கள் பெருமையாக நினைக்கும் பகுதியை அல்ல. உறை கிணறு, மேல்நிலைத் தொட்டி எல்லாம் வருடக்கணக்கில் கட்டுகிற வேலை. முகாமில் முதல் கிழமைக்குள் தண்ணீர் கொடுக்க வேண்டும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20,000 பேர் ஒரு வெளியில் வந்து இறங்கிவிட்டார்கள். நிவாரணப் பணிக்கான குறைந்தபட்ச அளவுகளைச் சொல்லும் ஸ்பியர் கையேட்டின்படி ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர், அதாவது 3 லட்சம் லீற்றர். ஒரு குழாய்க்கு 250 பேர் என்றால் 80 குழாய்கள். எந்தக் கூடாரத்திலிருந்தும் 500 மீற்றருக்குள் தண்ணீர் இருக்க வேண்டும். மலசலகூடம் 20 பேருக்கு ஒன்று என்றால் ஆயிரம். அது உடனே நடக்காது, ஆகவே முதலில் 50 பேருக்கு ஒன்று என்று 400 தோண்டத் தொடங்குவோம். இதற்கு நெளி தகரத் தகடுகளைப் போல்ற் பூட்டி, உள்ளே ரப்பர் விரிப்புப் போட்டு நிறுத்தும் தாங்கிகள் உண்டு. பெரியது 95 கன மீற்றர் பிடிக்கும். பழகிய ஆட்கள் கையில் இருந்தால் சீக்கிரம் எழுப்பி விடலாம். பழகாத ஆட்கள் விரிப்பைக் கிழித்து விடுவார்கள்.

கலங்கல் தண்ணீரில் படிகாரம் எவ்வளவு போடுவது என்று வாளியில் சோதித்துப் பார்ப்பது, 70 சதவீத ஹைப்போகுளோரைட் தூளில் கரைசல் தயாரிப்பது, அரை மணி நேரம் விட்டுக் குழாயில் எச்சக் குளோரின் லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் இருக்கிறதா என்று பார்ப்பது, இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நேர்முகத்தில் கேட்பதும் இதைத்தான்.

தாமிரபரணிக்காரன் எழுதியது:

15 லிட்டர்தானா? ஜல் ஜீவன் திட்டத்தில் தலைக்கு 55 என்று டிசைன் செய்கிறோம். நீங்கள் சொல்கிற அளவில் குளிக்கவே முடியாதே அண்ணா.

கொட்டியாரக்குடா எழுதியது:

முடியாதுதான். குடிக்க, சமைக்க, கை கால் கழுவ என்று வைத்த கீழ் எல்லை அது. அங்கேயே நின்றுவிடச் சொல்லவில்லை. இந்தக் கணக்குகள் எல்லாம் ருவாண்டா அகதிகள் விஷயத்தில் பட்ட அடிக்குப் பிறகு, 1997இல் தொடங்கிய முயற்சியில் எழுதப்பட்டவை. கையேடு இணையத்தில் இலவசம். பயிற்சிக்குக் காசு கட்டுவதற்கு முதல் அதை வாசியுங்கள்.

இரவுப்பணி எழுதியது:

ருவாண்டா என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் செவிலியர், சென்னை. எபோலா சமயத்தில் சியரா லியோனில் வேலை பார்த்தேன்.

1994 ஜூலையில் ருவாண்டாவிலிருந்து பல லட்சம் பேர் எல்லை தாண்டி ஜயர் நாட்டின் கோமாவுக்கு வந்தார்கள். இன்றைய காங்கோ அது. கீழே எரிமலைப் பாறை, கழிப்பறைக்குக் குழி தோண்ட முடியாது. குடிக்க கிவு ஏரித் தண்ணீர். முதல் மாதத்திலேயே சுமார் 50,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் காலராவிலும் ரத்தபேதியிலும். உலகத்தின் பெரிய நிறுவனங்கள் எல்லாம் அங்கே இருந்தன. மருத்துவர்களும் இருந்தார்கள்.

அப்போது டாக்காவிலிருந்து ஒரு குழு போனது. ஐசிடிடிஆர்பி என்கிற வயிற்றுப்போக்கு நோய் ஆய்வு மையத்து ஆட்கள். அவர்கள் பிறகு லான்செட் மருத்துவ இதழில் எழுதியது கசப்பான விஷயம். சிகிச்சை மையங்களிலேயே இவ்வளவு பேர் சாகக் காரணம், இழந்த நீரை மிக மெதுவாக ஏற்றியது, உப்புச் சர்க்கரைக் கரைசலைப் போதிய அளவு பயன்படுத்தாதது, பொருத்தமில்லாத டிரிப் திரவங்களை ஏற்றியது, அங்கிருந்த பணியாளர்களுக்குக் கடுமையான காலராவைப் பார்த்த பழக்கம் இல்லாதது. நல்ல மருத்துவர்கள்தான், ஆனால் படுக்கையில் கிடக்கிறவருக்கு எவ்வளவு வேகத்தில் எத்தனை லிட்டர் ஏற்ற வேண்டும் என்பது அவர்கள் கைக்கு வரவில்லை. டாக்கா ஆட்களுக்கு அது தினசரி வார்டு வேலை. 2010இல் ஹைட்டியில் காலரா வந்தபோதும் அங்கே போய்ப் பயிற்சி கொடுத்தார்கள்.

ஆகவே தம்பி, நம் ஊர் அனுபவத்தை மதிப்பார்களா என்று தயங்கிக் கேட்க வேண்டாம். ஆனால் டாக்காவிலிருந்து போனவர்கள் தனித்தனியாகப் போகவில்லை. சேர்ந்து வேலை பார்த்த குழுவாக, ஒரே முறையைப் பின்பற்றுகிறவர்களாகப் போனார்கள்.

இதற்கு நேர் எதிராக நடந்தது 2010 ஜனவரியில், ஹைட்டி நிலநடுக்கத்தில். கத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் எல்லாம் அறுவை சிகிச்சை செய்தார்கள். கால் எடுத்தவருக்கு எழுத்தில் குறிப்பு இல்லை, யார் எடுத்தார் என்று தெரியாது, புண்ணைப் பிறகு பார்க்க ஆள் இல்லை. அந்தக் கூத்துக்குப் பிறகுதான் உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளிநாட்டு மருத்துவக் குழுக்களுக்குத் தர வரிசை கொண்டுவந்தது. முதல் வகை வெளிநோயாளிகளை மட்டும் பார்க்கும். இரண்டாம் வகைக்கு ஒரு அறுவை அரங்கு, 20 படுக்கை, நாளுக்கு 7 பெரிய அறுவை செய்யும் திறன் வேண்டும். மூன்றாவது இரண்டு அறுவை மேசை, 40 படுக்கை, தீவிர சிகிச்சை என்று பெரிய மருத்துவமனை. எல்லா வகைக்கும் பொது நிபந்தனை: குடிநீர், சாப்பாடு, டீசல், தன் கழிவை அகற்றும் வழி எல்லாம் கூடவே கொண்டுவர வேண்டும். அந்த ஊரிடம் எதையும் கேட்கக் கூடாது. அந்த நாட்டுச் சுகாதார அமைச்சகத்திடம் பதிவு செய்த பிறகுதான் வேலை.

ஒரு மருத்துவக் குழுவில் தண்ணீர், கழிவு பார்க்கிற ஆள் ஏன் கட்டாயம் என்று இப்போது புரிகிறதா? எபோலா மையத்தில் எங்களுக்கு எல்லாமே குளோரின்தான். கை கழுவ 0.05 சதவீதம், தரைக்கும் உடுப்புக்கும் 0.5 சதவீதம். அதைக் கலந்து கொடுத்தவரை நம்பித்தான் உள்ளே போனோம்.

கேள்விநாயகம் எழுதியது:

அக்கா, ஹைட்டியைப் பற்றி எழுதிவிட்டு முக்கியமானதை விட்டுவிட்டீர்களே. அந்தக் காலரா எங்கிருந்து வந்தது? ஐ.நா. அமைதிப்படையின் நேபாள முகாமிலிருந்து. முகாம் கழிவு ஆற்றில் கலந்தது. ஒரு நூற்றாண்டாக காலரா பதிவாகாத நாடு அது. 8 லட்சம் பேருக்கு மேல் நோய், இறந்தவர்கள் சுமார் 10,000. பான் கி மூன் மன்னிப்புக் கேட்க 2016 டிசம்பர் ஆனது. உதவிக்குப் போனவர்களால் வந்த வினை.

கொட்டியாரக்குடா எழுதியது:

இதில் மறுக்க ஒன்றும் இல்லை. ஒரேயொரு விஷயத்தைப் பாருங்கள்: அது படைவீரரின் கெட்ட எண்ணத்தால் நடந்ததல்ல. முகாமின் கழிவுக் குழாய், குழி, அதை எடுத்துப் போகும் ஒப்பந்தம், இவற்றை ஒழுங்காகப் பார்க்காததால் நடந்தது. யாருக்கும் பிடிக்காத, புகைப்படத்தில் வராத வேலை.

வங்கதேசத்திலும் கிட்டத்தட்ட இதே கதை. 2017 ஆகஸ்ட்டுக்குப் பிறகு சில மாதங்களில் மியன்மாரிலிருந்து 7 லட்சத்துக்கு மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் வந்தார்கள். ஆளாளுக்கு மலசலகூடம் கட்டினார்கள். எண்ணிக்கையைக் காட்ட வேண்டுமே! ஆழமில்லாத குழிகள், குழாய்க்கிணற்றுக்குப் பக்கத்திலேயே. சில கிழமைகளில் நிரம்பின. மண் மலைச் சரிவு, வண்டி போகாது. நிரம்பியதை எப்படி எடுப்பது, எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று ஒருவரும் யோசித்திருக்கவில்லை. பிறகு மூடிப் புதிதாகக் கட்டுவதிலேயே காசு போனது. கழிவைச் சுத்திகரிக்கும் பெரிய நிலையம் வந்தது 2019இல்தான், அதை ஒக்ஸ்பாம் என்ற நிவாரண நிறுவனம் கட்டியது.

கட்டத் தெரிந்த ஆட்கள் நிறைய இருந்தார்கள். எங்கே கட்டக் கூடாது என்று சொல்லும் ஆட்கள் குறைவு. பயிற்சி என்று நான் சொல்வது இதைத்தான்.

அரக்கோணத்தான் எழுதியது:

மீட்புப் பணிப் பக்கம் கொஞ்சம் சொல்கிறேன். எங்கள் ஊரில் என்.டி.ஆர்.எஃப். என்கிற தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காம் பட்டாலியன் இருக்கிறது. உறவினர் ஒருவர் அதில் இருந்தார். முதலில், அதில் நேரடியாகச் சேர முடியாது. மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை, எல்லைப் பாதுகாப்புப் படை மாதிரி இடங்களிலிருந்து சில வருடங்களுக்கு அனுப்புவார்கள். தாமிரபரணித் தம்பிக்கு அந்த வாசல் இல்லை.

அவர்களின் முதல் வெளிநாட்டுப் பணி 2011 ஜப்பான், 46 பேர் போனார்கள். 2015 நேபாளத்தில் 11 பேரை உயிரோடு எடுத்தார்கள். துருக்கிக்கு 150 பேருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போனார்கள், நூர்தாகி என்ற ஊரில் வேலை. இரண்டு சிறுமிகள் உயிரோடு கிடைத்தார்கள், அதில் ஒரு குழந்தை இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்தவை ரோமியோ, ஜூலி என்ற நாய்கள். ராணுவம் இஸ்கெண்டெருனில் 99 பேரோடு 30 படுக்கை மருத்துவமனை போட்டது. இதில் எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா? பலருக்கு பாஸ்போர்ட்டே இல்லாமல், கிளம்புவதற்கு முந்தைய இரவு உட்கார்ந்து பாஸ்போர்ட் தயார் செய்தார்கள் என்று செய்தி வந்தது. இவ்வளவு பயிற்சி எடுத்த படைக்கே அந்த நிலைமை.

இதற்கும் சர்வதேச வரிசை ஒன்று உண்டு, இன்சராக் என்பார்கள். 1988 ஆர்மீனியா நிலநடுக்கத்தில் பட்ட அனுபவத்தால் 1991இல் தொடங்கியது. கனரகக் குழு என்று முத்திரை வாங்க, இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் இரவு பகலாகப் பத்து நாள் வேலை செய்ய முடியும் என்று காட்ட வேண்டும். 36 மணி நேரம் பரீட்சை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மறுபடியும். ஒரு முறை வாங்கினால் ஆயுசுக்கும் என்று கிடையாது.

கிடங்குக்காரன் எழுதியது:

எல்லோரும் டாக்டரையும் பொறியாளரையும் பற்றியே பேசுகிறீர்கள். லாஜிஸ்டிக்ஸ் ஆள் என்று ஒருத்தன் இருக்கிறான்.

1974இல் பிரேசிலில் மூளைக்காய்ச்சல் பரவியபோது கோடிக்கணக்கில் தடுப்பூசி தயாரித்து அனுப்பிய குடும்பம் பிரான்சின் மேரியு குடும்பம். தயாரிப்பதைவிட அதைக் குளிர் கெடாமல் கொண்டுபோய்க் குத்துவதுதான் பெரும்பாடு என்று பார்த்த சார்ல் மேரியு, 1983இல் லியோன் பக்கத்தில் பயோஃபோர்ஸ் என்ற பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கினார். மருத்துவம் தெரியாதவர்களை நிவாரண வேலைக்குத் தயார் செய்யும் பள்ளி.

ஜெனரேட்டர், வண்டி பராமரிப்பு, கிடங்குக் கணக்கு, சுங்கத்தில் சரக்கை வெளியே எடுப்பது, உள்ளூர் ஆட்களுக்கு நேரத்தில் சம்பளம் போடுவது. இந்த வேலைகளுக்குத்தான் ஆள் கிடைக்க மாட்டார்கள். காலரா மையம் ஒன்றுக்குத் தேவையானதைப் பெட்டியில் அடைத்து, எந்தப் பெட்டியில் எது என்று எண் போட்டு, பிரான்சில் போர்தோ பக்கத்துக் கிடங்கில் எம்.எஸ்.எஃப். (எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு) தயாராக வைத்திருக்கிறது. பெட்டி ஓரிரு நாளில் வந்துவிடும். அதைச் சுங்கத்தில் விடுவிக்கும் கடிதம் எழுதத் தெரிந்தவன் இல்லாவிட்டால் ஓடுபாதை ஓரத்தில் கிடந்து வேகும். கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சைட் இன்ஜினியராக இருப்பவருக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். கூலியாள், லாரி, சிமெண்ட் இருப்பு எல்லாம் பார்த்தவர்தானே. விண்ணப்பத்தில் அதை எழுதினீர்களா?

தாமிரபரணிக்காரன் எழுதியது:

எழுதவில்லை அண்ணா. டிசைன், ஸ்டாட், எபாநெட் என்று சாஃப்ட்வேர் பட்டியல்தான் போட்டிருந்தேன் :)

இன்னொன்றும் கேட்க வேண்டும். வீட்டில் அம்மா கேட்கும் முதல் கேள்வி, உயிருக்கு ஆபத்து இல்லையா என்பதுதான். என்ன சொல்வது?

கொட்டியாரக்குடா எழுதியது:

இருக்கிறது என்று சொல்லுங்கள்.

2006 ஆகஸ்ட் 4. மூதூர். பசிக்கு எதிரான நடவடிக்கை என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் 17 ஊழியர்களை அவர்களின் அலுவலக வளவுக்குள்ளேயே வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். சுனாமி வேலைக்காகத் திருகோணமலையிலிருந்து போனவர்கள், எங்கள் வேலைதான், தண்ணீரும் மலசலகூடமும். சண்டை தொடங்கியதும் வெளியே வர முடியவில்லை. இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. நான் அப்போது வேறொரு நிறுவனத்தில் இருந்தேன். அதற்குப் பிறகு எந்த வாகனத்தில் ஏறும்போதும், யார் முடிவு எடுத்து எங்களை அனுப்புகிறார், நிலைமை மாறினால் யார் வந்து கூட்டிப்போவார் என்று கேட்காமல் ஏறியதில்லை.

கேள்விநாயகத்துக்கும் இதுதான் என் பதில். உள்ளூர் ஆட்களை எடுங்கள் என்கிறீர்கள். எடுக்கத்தான் செய்கிறார்கள். உலகம் முழுக்க இந்த வேலையில் இருப்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் அந்தந்த நாட்டுக்காரர்கள்தான். கொல்லப்படுபவர்களிலும் மிகப் பெரும்பான்மை அவர்கள்தான். 2024இல் 380க்கு மேற்பட்ட நிவாரணப் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள், பாதிக்கு மேல் காசாவிலும் சூடானிலும். வெளிநாட்டவருக்குப் பாதுகாப்புப் பயிற்சி, காப்புறுதி, வெளியேற்ற விமானம். உள்ளூர்ச் சாரதிக்கு ஒரு சட்டை. கூடுதலாக உள்ளூர் ஆட்களிடம் வேலையைக் கொடுப்பது சரி, அந்தப் பாதுகாப்பையும் சேர்த்துக் கொடுங்கள் என்பதுதான் என் சண்டை.

கேள்விநாயகம் எழுதியது:

இதை நான் யோசிக்கவில்லை அண்ணா. ஆனால் பணம் எங்கே போகிறது என்ற கேள்வியை விட மாட்டேன். 2016 இஸ்தான்புல் மாநாட்டில் நிதியில் 25 சதவீதத்தை 2020க்குள் உள்ளூர், தேசிய அமைப்புகளுக்குக் கூடியவரை நேரடியாகக் கொடுப்போம் என்று கையெழுத்துப் போட்டார்கள். பக்கத்தில்கூட வரவில்லை. உள்ளூர் அமைப்புக்குக் கணக்கு வைக்கத் தெரியாது என்பார்கள். அதைக் கற்றுக்கொடுக்க ஆள் அனுப்பினால் நானும் கை தட்டுவேன்.

இரவுப்பணி எழுதியது:

நியாயம். சியரா லியோனில் எங்களைவிட அதிகமாக இறந்தவர்கள் அந்த ஊர் செவிலியர்கள். எபோலா பரவிய கினி, லைபீரியா, சியரா லியோன் மூன்று நாடுகளிலும் சேர்த்து 500க்கு மேற்பட்ட சுகாதாரப் பணியாளர்கள். எங்களுக்கு பிரஸ்ஸல்ஸில் மாதிரி மையம் கட்டி, கவச உடை போடுவதையும், முக்கியமாகக் கழற்றுவதையும், ஒருவர் பார்க்க ஒருவர் செய்யப் பழக்கிவிட்டு அனுப்பினார்கள். அவர்களில் பலர் ஆரம்பத்தில் கையுறைகூட இல்லாமல் வேலை பார்த்தவர்கள்.

தம்பி, உங்கள் அம்மாவுக்காக ஒரு தகவல். 2012இல் கென்யாவின் தடாப் முகாமில் கடத்தப்பட்ட கனடா ஊழியர் ஒருவர் தான் வேலை பார்த்த நார்வே நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார். நிறுவனம் கடும் அலட்சியமாக நடந்தது என்று 2015இல் ஆஸ்லோ நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அதற்குப் பிறகு பல நிறுவனங்கள் ஆபத்தான இடங்களுக்குப் போகும் முன் பாதுகாப்புப் பயிற்சியைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்: காப்பீடு போர்ச் சூழலுக்கும் பொருந்துமா, நோயாளியானால் எங்கே கொண்டுபோவார்கள், திரும்பி வந்த பிறகு மனநல உதவி உண்டா. பதில் மழுப்பினால் போகாதீர்கள்.

கிடங்குக்காரன் எழுதியது:

இப்போது நேரடியாகப் பட்டியல் விஷயம். பெரிய படிப்புக்குப் பணம் கட்டாதீர்கள், இப்போதைக்கு. காயா, டிசாஸ்டர் ரெடி என்ற இரண்டு இணையதளங்களிலும் இலவசப் பாடங்கள் இருக்கின்றன. ஐ.நா.வின் பாதுகாப்புப் பாடம் பிசேஃப், அதுவும் இலவசம். ரெட்ஆர் என்ற அமைப்பே உங்களைப் போன்றவர்களுக்காகத் தொடங்கியதுதான். 1979இல் மலேசியாவில் வியட்நாம் அகதிகள் முகாமில் வேலை பார்த்து வந்த பீட்டர் கத்ரி என்ற ஆங்கிலேயப் பொறியாளர், தேவைப்படும்போது கூப்பிடப் பொறியாளர்கள் பட்டியல் ஒன்று வேண்டும் என்று ஆரம்பித்தார். இந்தியக் கிளை புனேவில். அவர்களின் நீர், சுகாதாரப் பயிற்சிக்குப் போனால் தாங்கி கட்டுவதைக் கையால் செய்து பார்க்கலாம், கூடவே ஆள் பழக்கமும் கிடைக்கும்.

முதல் வேலை இந்தியாவுக்குள்ளேயே இருக்கட்டும். வெள்ளம், புயல் வரும்போது அந்தந்த மாநிலத்தில் நிவாரண அமைப்புகள் குறுகிய கால ஒப்பந்தத்தில் பொறியாளர்களை எடுக்கும். அதில் ஒன்று இரண்டு செய்த பிறகு ஐ.நா. தன்னார்வலர், எம்.எஸ்.எஃப். தெற்காசியா, ரிலீஃப்வெப் இணையதளத்தில் வரும் வேலை விளம்பரங்கள் என்று விண்ணப்பம் போடுங்கள். எம்.எஸ்.எஃப்.பில் முதல் தடவை போகிறவர் மாதக்கணக்கில் இருக்கத் தயாராக வேண்டும். இரண்டு வாரம் லீவு போட்டு வருகிறேன் என்று சொன்னால் எடுக்க மாட்டார்கள். ஒப்பந்ததாரரிடம் இப்போதே பேசி வையுங்கள். பாஸ்போர்ட்டையும் புதுப்பித்து விடுங்கள், அரக்கோணத்தான் சொன்ன கதை வேண்டாம்.

தாமிரபரணிக்காரன் எழுதியது:

பாஸ்போர்ட் 2031 வரை இருக்கிறது அண்ணா. மொழி? ஆங்கிலம் சமாளிப்பேன்.

இரவுப்பணி எழுதியது:

ஆங்கிலத்தோடு பிரெஞ்சு இருந்தால் உங்கள் பெயர் பட்டியலில் மேலே போய்விடும். காங்கோ, சாட், மத்திய ஆப்பிரிக்கா எல்லாம் பிரெஞ்சுதான், பிரெஞ்சு தெரிந்த நீர்ப் பொறியாளர்களுக்கு எப்போதும் தட்டுப்பாடு. சென்னையிலும் புதுச்சேரியிலும் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது, ஆன்லைன் வகுப்பும் உண்டு. பி1 என்கிற இடைநிலை வந்தால் போதும், மீதியை வேலைத்தளத்தில் மேஸ்திரிகள் கற்றுக்கொடுத்து விடுவார்கள்.

கேள்விநாயகம் எழுதியது:

அடுத்த பேட்ச் எப்போது தொடங்குகிறது? ஆன்லைன் என்றால் நானும் சேர்ந்துகொள்கிறேன்.